அறிதுயிலும் அறிகனவும்

மட்டாஞ்சேரியில் குடியிருப்பவர்களுக்கு எழுதப்படாத கடமை ஒன்று உண்டு. ஊரிலிருந்து உறவினர் யார் வந்தாலும் அரண்மனை, யூதர் தெரு, சீன வலை என்று வரிசையாகச் சுற்றிக் காட்டியாக வேண்டும். மிளகு, ஏலம் வியாபாரம் செய்யும் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுத வந்து, இந்த ஊரிலேயே பதினான்கு வருடங்களை ஓட்டிவிட்ட நானும் அந்தக் கடமையைத் தவறாமல் செய்து வருகிறேன். "இதற்குச் சம்பளம் வாங்கியிருந்தால் இந்நேரம் ஊரில் ஒரு வீடு கட்டியிருக்கலாம்" என்பாள் என் மனைவி.

சென்ற மாதம் அம்பாசமுத்திரத்திலிருந்து என் பெரியப்பா மகன் குடும்பத்தோடு வந்திருந்தார். வழக்கம்போல அரண்மனைக்குப் போனோம். பெயர் டச்சு அரண்மனை. ஆனால் 1555-ஆம் ஆண்டு வாக்கில் கொச்சி ராஜாவுக்குக் கட்டிக் கொடுத்தவர்கள் போர்ச்சுகீசியர்கள். 1663-க்குப் பிறகு டச்சுக்காரர்கள் பழுது பார்த்தார்கள். பெயரைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அங்கே ராஜாவின் பள்ளியறைச் சுவர்களில் ராமாயணத்தையே எழுதி வைத்திருக்கிறார்கள். எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாலும் ஒரு காட்சி கண்ணில் படும். அண்ணாச்சி வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, இத்தனை படத்துக்கு நடுவுல ராஜாவுக்கு எப்படித் தூக்கம் வந்திருக்கும்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம்.

எனக்கு வேறு கேள்வி தோன்றியது. தூக்கம் எப்படியோ வந்திருக்கும். வந்த பிறகு அந்த ராஜா என்ன கனவு கண்டிருப்பார்? கனவுக்குள் ஒரு குரங்குப் படையே கடலைத் தாண்டி வரும்போது, 'இது என் படுக்கையறைச் சுவர்தானே?' என்று அவருக்கு ஒரு கணமாவது தெரிந்திருக்குமா?

இப்படி ஒரு கேள்வி எனக்குத் தோன்றக் காரணம் உண்டு. கடந்த இரண்டு வருடங்களாக எனக்கு ஒரு பைத்தியம் பிடித்திருக்கிறது. சங்கத்து நண்பர்கள் சிலருக்கு அது தெரியும். தெரியாதவர்களுக்காகவும், என்னைக் கேலி செய்பவர்களுக்காகவும், இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

என்ன பைத்தியம்?

தூங்கிக் கொண்டிருக்கிறோம். கனவு நடக்கிறது. நடந்துகொண்டிருக்கும்போதே, 'ஓகோ, இது கனவு' என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. ஆனால் விழிப்பு வரவில்லை, கனவும் கலையவில்லை. பல பேருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது இது நடந்திருக்கும். ஐம்பது வருடங்களில் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வெளியிட்ட கணக்கின்படி, நூற்றுக்கு 55 பேர் ஒரு முறையாவது இதை அனுபவித்திருக்கிறார்கள். மாதம் ஒரு முறையோ அதற்கு மேலோ அனுபவிப்பவர்கள் 23 பேர். ஆகவே இந்தப் பக்கத்தைப் படிக்கும் உங்களில் பாதிப் பேர் 'எனக்கும் உண்டே' என்று தலையாட்டிக் கொண்டிருப்பீர்கள்.

ஆங்கிலத்தில் இதற்கு 'லூசிட் ட்ரீம்' என்ற பெயரைப் பரப்பியவர் ஃப்ரெடரிக் வான் ஈடன் என்னும் டச்சு மனநல மருத்துவர். தம்முடைய கனவுகளை வருடக்கணக்கில் எழுதி வைத்து, அதில் இப்படிப்பட்டவை 352 என்று எண்ணி, 1913-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். டச்சுக்காரர்கள் அரண்மனைக்குப் பெயர் தந்ததுபோல இதற்கும் பெயர் தந்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

நம் மொழியில் இதற்கு என்ன சொல்வது? சிலர் 'தெளிவுக் கனவு' என்கிறார்கள். எனக்கு அது திருப்தியாக இல்லை. ஏனென்றால் நம்மிடம் ஏற்கனவே ஓர் அருமையான சொல் இருக்கிறது. பாற்கடலில் பள்ளிகொண்ட பெருமாளின் தூக்கத்துக்கு நம் முன்னோர்கள் வைத்த பெயர் அறிதுயில். துயில்தான், ஆனால் எல்லாம் அறிந்த துயில். திருவரங்கத்திலும் திருவனந்தபுரத்திலும் படுத்த கோலத்தைப் பார்த்துக் கைகூப்பும்போது அந்தச் சொல்லின் ஆழத்தை நாம் நினைப்பதில்லை. துயிலில் அறிவு இருந்தால் அறிதுயில் என்றால், கனவில் அறிவு இருந்தால் அறிகனவு. இந்தக் கட்டுரையில் அப்படியே எழுதுகிறேன். நல்ல சொல் தெரிந்த புலவர்கள் திருத்தலாம்.

தூங்குகிறவன் சாட்சி சொல்ல முடியுமா?

"நீ கனவில் விழித்திருந்தாய் என்பதற்கு என்ன சாட்சி? பாதி முழிப்பில் ஏதோ நினைத்திருப்பாய்" என்று என் நண்பர் ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி. விஞ்ஞானிகளும் நெடுங்காலம் இதையேதான் கேட்டார்கள்.

1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கி, நத்தானியேல் கிளைட்மன் என்ற இருவர் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். தூங்குகிறவனின் மூடிய கண்கள் இரவில் சில வேளைகளில் இமைக்குள்ளே வேகமாக ஓடுகின்றன. அந்த நேரத்தில் எழுப்பிக் கேட்டால் பெரும்பாலோர் கனவு கண்டதாகச் சொல்கிறார்கள். இந்தக் கட்டம் ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒரு முறை வருகிறது. இரவின் முற்பகுதியில் சில நிமிடங்களே இருக்கும். விடியப் போகும் நேரத்தில் நீண்டுகொண்டே போகும். அந்த வேளையில் உடம்பின் தசைகளை எல்லாம் மூளை கட்டிப் போட்டுவிடுகிறது. இல்லாவிட்டால் கனவில் ஓடுகிறவன் நிஜமாகவே கட்டிலிலிருந்து குதித்து ஓடிவிடுவான். மூச்சு விடும் தசைக்கும் கண்ணுக்கும் மட்டுமே விதிவிலக்கு.

அந்த விதிவிலக்குதான் சாட்சியாக வந்தது. கண்தான் கட்டப்படவில்லையே? அப்படியானால் கனவுக்குள் விழித்துக்கொண்டவன் முன்கூட்டியே பேசி வைத்தபடி இடம், வலம், இடம், வலம் என்று கண்ணை அசைத்துச் சைகை காட்டலாமே? இங்கிலாந்தில் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் என்பவர் இதைச் செய்து பார்த்தார். 1975 ஏப்ரல் 12-ஆம் தேதி காலையில், ஆலன் வொர்ஸ்லி என்பவர் ஆழ்ந்து தூங்கிக்கொண்டே கனவுக்குள்ளிருந்து கண்ணால் சைகை அனுப்பினார். கருவியின் காகிதத்தில் கோடு பதிந்தது. தூங்குகிறவன் உள்ளிருந்து அனுப்பிய முதல் தந்தி என்றே அதைச் சொல்லலாம். அந்தச் செய்தி வெளியே அதிகம் பரவுவதற்குள் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஸ்டீஃபன் லபெர்ஜ் தனியாக இதையே செய்து 1981-இல் ஆய்விதழில் வெளியிட்டார். கனவுக்குள் பத்து வினாடி எண்ணச் சொன்னபோது, வெளியே கடிகாரத்திலும் ஏறக்குறைய அதே நேரம்தான் ஆயிற்று என்றும் காட்டினார். 'கனவில் ஒரு யுகம், வெளியே ஒரு நொடி' என்று நாம் கேட்ட கதைகளுக்கு இது பொருந்தவில்லை.

அதற்குப் பிறகு இன்னும் வியப்பான காரியம் 2021-இல் வெளிவந்தது. அமெரிக்கா, ஃபிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய நான்கு நாட்டு ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து, கனவு காண்பவரிடம் வெளியிலிருந்து கேள்வி கேட்டுப் பார்த்தன. எட்டில் ஆறு போனால் எவ்வளவு என்று கேட்டார்கள். தூங்கிக் கொண்டிருந்த 19 வயது இளைஞர் கண்ணை இருமுறை அசைத்து இரண்டு என்று பதில் சொன்னார். எல்லோருக்கும் இது வாய்த்துவிடவில்லை. 36 பேரிடம் அறிகனவின்போது 158 தடவை கேட்டதில், சரியான பதில் வந்தது நூற்றுக்கு 18 அளவில்தான். பாதிக்கு மேல் பதிலே இல்லை. ஆனாலும் ஒரு சரியான பதில் வந்தாலே கதவு இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

அந்த நேரத்தில் மூளையில் என்ன நடக்கிறது என்பதில் இன்னும் விவாதம் தீரவில்லை. நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதி, தன்னைத் தானே கவனிக்கும் வேலையைச் செய்யும் பகுதி, சாதாரணக் கனவில் மந்தமாகக் கிடக்கிறது; அறிகனவில் அது கொஞ்சம் தலைதூக்குகிறது என்று சிலர் அளந்து சொன்னார்கள். அந்த அளவீட்டில் கண் தசையின் மின்துடிப்பும் கலந்திருக்கலாம் என்று பின்னால் வந்தவர்கள் ஆட்சேபித்தார்கள். விஞ்ஞானம் இப்படித்தான் நடக்கும். ஒருவர் போட்ட கணக்கை இன்னொருவர் தணிக்கை செய்வார். கணக்குப்பிள்ளையான எனக்கு அந்த வழக்கம் மிகவும் பிடிக்கிறது.

'எல்லாம் நம்மிடம் இருந்ததே!'

இதையெல்லாம் நம் சங்கத்துப் பெரியவர் ஒருவரிடம் ஆர்வத்தோடு சொன்னேன். அவர் அமைதியாகக் கேட்டுவிட்டு, "இதெல்லாம் மாண்டூக்யத்தில் இருக்கிறதப்பா. வெள்ளைக்காரன் இப்போதுதான் வருகிறான்" என்று முடித்துவிட்டார்.

மாண்டூக்ய உபநிஷதம் அளவில் மிகச் சிறியது, பன்னிரண்டே மந்திரங்கள். விழிப்பு, கனவு, ஆழ்ந்த உறக்கம், இவை மூன்றையும் கடந்த நான்காவது நிலை என்று அது வகுக்கிறது. அதற்குக் கௌடபாதர் காரிகை எழுதினார். சங்கரர் உரை செய்தார் என்பது மரபு. அந்தச் சங்கரர் அவதரித்ததாகச் சொல்லும் காலடி நம் எர்ணாகுளம் மாவட்டத்தில், பெரியாற்றங்கரையில்தான் இருக்கிறது. கனவைப் பற்றி இவ்வளவு கூர்மையாக யோசித்தவர்கள் நம் பக்கத்து ஊர்க்காரர்கள் என்பதில் எனக்கும் பெருமைதான். திபெத்திய பௌத்தர்களோ கனவில் விழித்திருப்பதை ஒரு யோகப் பயிற்சியாகவே வைத்திருக்கிறார்கள்.

ஆனாலும் பெரியவரிடம் நான் பணிவோடு மாறுபடுகிறேன். உபநிஷதம் கேட்ட கேள்வி வேறு. ஸ்டான்ஃபோர்டில் கேட்ட கேள்வி வேறு. 'கனவு பொய் என்று விழித்தபின் தெரிகிறதே, அப்படியானால் இந்த விழிப்பு மட்டும் மெய்யா?' என்பது உபநிஷத வழியில் வந்தவர்களின் கேள்வி. 'தூங்குகிறவன் கண் எந்த நேரத்தில் எத்தனை முறை அசைந்தது?' என்பது ஆய்வுக்கூடத்தின் கேள்வி. முதல் கேள்வியைக் கருவி தீர்க்காது. இரண்டாவதை மந்திரம் தீர்க்காது. 'எல்லாம் நம்மிடம் இருந்ததே' என்று சொல்லும்போது நாம் நம் ரிஷிகளை உயர்த்துவதாக நினைக்கிறோம். உண்மையில் அவர்கள் கேட்ட பெரிய கேள்வியைச் சின்னதாக்கி விடுகிறோம். படிக்க வேண்டிய இரண்டையும் படிக்காமல் தப்பித்துக்கொள்ளவும் அந்த வாக்கியம் உதவுகிறது.

தமிழிலும் கனவுக்குக் குறைவில்லை. சிலப்பதிகாரத்தில் கனாத்திறம் உரைத்த காதை என்றே ஒரு காதை உண்டு; கண்ணகி தான் கண்ட கெட்ட கனவைத் தேவந்தியிடம் சொல்கிறாள். கோவலனும் கனவு காண்கிறான், பாண்டிமாதேவியும் காண்கிறாள். எல்லாமே வரப்போகும் கேட்டைச் சொல்லும் கனவுகள். கம்பரில் திரிசடை கண்ட கனவும் வருவது உரைப்பதுதான். கனவுக்குப் பலன் சொல்லக் கனாநூல் என்று தனி நூலே இருக்கிறது. எந்த யாமத்தில் கண்டது எவ்வளவு காலத்தில் பலிக்கும் என்று கணக்கும் உண்டு. விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று நம் பாட்டிமார் சொன்னது இதன் மிச்சம். பலிக்கிறதோ இல்லையோ, விடியற்காலைக் கனவுதான் நீளமாக இருக்கும், நினைவிலும் நிற்கும் என்பது மேலே சொன்ன 90 நிமிடக் கணக்கிலிருந்து நமக்கே விளங்கும்.

இந்தப் 'பலன் சொல்லும் கனவு' ஒருபுறம் இருக்க, தமிழில் இன்னொரு வழியும் உண்டு. திருக்குறளில் கனவுநிலை உரைத்தல் என்ற 122-ஆம் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். அங்கே ஜோசியம் இல்லை. பிரிந்து போனவர் நேரில் வரவில்லை, கனவிலாவது வருகிறாரே என்பதுதான் பேச்சு. ஆண்டாளின் வாரணமாயிரமும் தோழியிடம் சொல்லும் கனவுதான். ஊரையும் உற்றாரையும் விட்டு வந்து வாழும் நமக்கு இந்த இரண்டாவது வழிதான் சொந்தம் என்று நான் நினைக்கிறேன். ஏன் என்று சொல்கிறேன்.

படகுக் கனவு

இரண்டு வருடங்களுக்கு முன் என் தகப்பனார் ஊரில் காலமானார். நடுநிசியில் போன் வந்தது. விடிவதற்குள் புறப்பட்டோம். அப்போது என் மகளுக்கு ஒன்பது வயது. தாத்தா மேல் உயிர். காரியங்கள் முடிந்து திரும்பி வந்த பிறகு அவளுக்கு ஒரு கனவு வர ஆரம்பித்தது. மட்டாஞ்சேரியிலிருந்து எர்ணாகுளத்துக்குப் படகில் போகிறாள். தாத்தா ஜெட்டியில் நிற்கிறார். படகு நகர்கிறது, தாத்தா சின்னதாகிக்கொண்டே போகிறார். இவள் அலறி எழுந்துவிடுவாள். வாரத்தில் மூன்று நாள் இதே கதை. கடைசியில் தூங்கவே பயந்தாள்.

ஒருவர் மந்திரிக்கச் சொன்னார். ஒருவர் தாத்தாவின் ஆத்மா சாந்தியடையவில்லை என்றார். என் மனைவி கோயிலில் கயிறு வாங்கிக் கட்டினாள். அதை நான் தடுக்கவில்லை. குழந்தைக்குத் தைரியம் தரும் எதுவும் நல்லதுதான். பிறகு எர்ணாகுளத்தில் ஒரு டாக்டரிடம் போனோம். அவர் மருந்து எதுவும் எழுதவில்லை. "பகலில் அந்தக் கனவைப் படமாக வரையச் சொல்லுங்கள். முடிவை அவள் இஷ்டப்படி மாற்றட்டும். மாற்றிய கதையைத் தினமும் ஒரு தடவை கண்ணை மூடி நினைத்துப் பார்க்கட்டும்" என்றார். கெட்ட கனவால் அவதிப்படுகிறவர்களுக்கு இந்த முறை பலன் தருவதை அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 2001-இல் வெளியான ஆய்வு காட்டியிருக்கிறது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். என் பைத்தியம் அந்தப் படிப்பில்தான் தொடங்கியது.

மகள் வரைந்தாள். படகு திரும்பி வருகிற மாதிரி, தாத்தா படகில் ஏறுகிற மாதிரி, ஒரு தடவை தாத்தாவே படகை ஓட்டுகிற மாதிரி. ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து ஒரு நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டே சொன்னாள்.

"அப்பா, நேத்து தாத்தா வந்தார்."

"படகா?"

"ஆமா. ஆனா தாத்தா மலையாளம் பேசினார்ப்பா. 'மோளே, பேடிக்கண்டா'ன்னார். தாத்தாவுக்குத்தான் மலையாளமே தெரியாதே! அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு, இது ஸ்வப்னமாணுன்னு."

"அப்புறம்?"

"'தாத்தா, தமிழ்ல பேசுங்க'ன்னேன். சிரிச்சார். படகு போகவே இல்ல."

அதற்குப் பிறகு அந்தக் கனவு இரண்டு மூன்று தடவைதான் வந்தது. பயம் போய்விட்டது.

அறிகனவு எப்படிப் பிறக்கிறது என்பதற்கு நான் படித்த எல்லாப் புத்தகங்களையும்விட என் மகள் சொன்னது தெளிவாக இருந்தது. நடக்க முடியாத ஒன்று நடக்கிறது. அதை மனம் கவனித்துவிடுகிறது. 'இது கனவு' என்று பொறி தட்டுகிறது. குழந்தைகளுக்கு இது பெரியவர்களைவிட எளிதாக வருகிறது, 16 வயதை ஒட்டிக் குறைந்துவிடுகிறது என்று ஜெர்மனியில் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2012-இல் சொல்கிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 'இது ஸ்வப்னமாணு' என்று அவள் மலையாளத்தில் உணர்ந்தாள் என்பது எனக்குச் சுருக்கென்றது. நாம் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ் சொல்லித் தருகிறோம். சங்கத்தில் ஞாயிறு வகுப்பு நடத்துகிறோம். ஆனால் மனம் தானாக விழிக்கும்போது எந்தச் சொல் வருகிறது பார்த்தீர்களா? என் மனைவியிடம் சொல்லி வருத்தப்பட்டேன். "எந்த பாஷையில தெரிஞ்சா என்னங்க? பயம் போச்சா இல்லையா?" என்றாள். அதுவும் சரி. மலையாளத்தில் கனவுக்குக் கினாவு என்றும் ஒரு சொல் உண்டு. நம்முடைய கனாவின் தங்கைதான் அது. அந்நியமாக எதுவும் நுழைந்துவிடவில்லை.

பிறகு யோசித்தபோது வேறொன்று புலப்பட்டது. அவள் தாத்தாவைத் தமிழில் பேசச் சொன்னாளே! அவளுக்குத் தமிழ் என்பது பாடப்புத்தகம் இல்லை; தாத்தாவின் குரல். டச்சுக்காரர் காலத்தில் இங்கே வந்ததாகச் சொல்லப்படும் நம் வண்ணார் சமூகக் குடும்பங்கள் ஃபோர்ட் கொச்சி வேளியில் இன்றும் தமிழ் பேசுகின்றன என்றால், அதை வகுப்பு வைத்தா காப்பாற்றினார்கள்? பாட்டியின் பேச்சு அம்மாவின் வாயில், அம்மாவின் பேச்சு மகளின் வாயில் என்று வந்ததுதான்.

பத்திரம் எங்கே?

மகளுக்கு வந்தது எனக்கு வராதா என்று நானும் பயிற்சி செய்தேன். லபெர்ஜ் சொல்லித் தந்த முறை எளியது. ஐந்து மணி நேரம் தூங்கியபின் எழுந்து, கண்ட கனவை நினைவுபடுத்திக்கொண்டு, 'அடுத்து கனவு வரும்போது இது கனவு என்று நினைவு வைப்பேன்' என்று மனதில் சொல்லிக்கொண்டே மறுபடி தூங்க வேண்டும். பகலிலும் அவ்வப்போது ஏதாவது எழுத்தை இரண்டு முறை படித்துப் பார்க்க வேண்டும். கனவில் எழுத்து நிலையாக நிற்காது, இரண்டாம் தடவை மாறிவிடும். நான் கடைகளின் பெயர்ப்பலகைகளை இரண்டிரண்டு தடவை படித்துக்கொண்டு நடப்பதைப் பார்த்து, எனக்குக் கண் கெட்டுவிட்டது என்று அக்கம்பக்கத்தில் பேசிக்கொண்டார்களாம்.

இரண்டு வருடத்தில் எனக்கு வாய்த்தது நான்கே நான்கு. முதல் இரண்டு தடவை 'கனவு!' என்று தெரிந்த சந்தோஷத்திலேயே விழித்துவிட்டேன். மூன்றாவது தடவை அப்பா ஊர்த் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எனக்குத் தெரிந்தது, இது கனவு, அப்பா இல்லை என்று. தெரிந்தும் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் போன பிறகு வயல் பத்திரத்தைக் காணாமல் அண்ணனும் நானும் தவித்துக்கொண்டிருந்த சமயம் அது. ஆகவே கேட்டேன்: "அப்பா, பத்திரத்தை எங்க வச்சீங்க?" லேசாக ஒரு செருமல் செருமிவிட்டு, "மச்சுல டிரங்குப் பெட்டியிலதாம்லே இருக்கு. நல்லாப் பாரு" என்றார்.

விடிந்ததும் அண்ணனுக்குப் போன் போட்டேன். அவரும் மச்சில் ஏறிப் பெட்டியைக் குடைந்தார். பழைய பஞ்சாங்கங்களும் கல்யாணப் பத்திரிகைகளும்தான் இருந்தன. வயல் பத்திரம் ஐந்து மாதம் கழித்துச் சித்தப்பா வீட்டு அலமாரியில் கிடைத்தது.

ஆகவே என் முடிவு இது. கனவில் வந்த அப்பாவுக்கு எனக்குத் தெரிந்தது மட்டுமே தெரியும். கனவு மேலுலகத்துத் தபால் ஆபீஸ் இல்லை. கணித மேதை ராமானுஜன் நாமகிரித் தாயார் கனவில் சூத்திரம் தந்ததாகச் சொல்வாராம். ஆனால் அந்தச் சூத்திரம் இறங்க, இரவு பகலாகக் கணக்கிலேயே ஊறிய ஒரு மனம் வேண்டியிருந்தது. எனக்குத் தாயார் வந்து சொன்னாலும் நான் எழுந்து எழுதப்போவது ஏலக்காய்க் கணக்குத்தான்.

ஆனால் அந்தச் செருமல்? அப்பா எந்தப் பதிலுக்கும் முன்னால் இப்படி ஒரு செருமல் செருமுவார் என்பதை நான் அடியோடு மறந்திருந்தேன். அவர் குரலைப் பதிவு செய்து வைத்த நாடாவோ போனோ எங்களிடம் இல்லை. கனவு எனக்குத் தெரியாத எதையும் சொல்லவில்லை. ஆனால் எனக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாத ஒன்றை எடுத்துக் கொடுத்தது. பத்திரத்தைவிட அது பெரிது என்று இப்போது நினைக்கிறேன். அண்ணன் ஒப்புக்கொள்ள மாட்டார்.

எச்சரிக்கையும் உண்டு

படித்துவிட்டு இன்றிரவே யாரும் அலாரம் வைக்க வேண்டாம். நடு இரவில் எழுந்து எழுந்து பயிற்சி செய்ததில் மூன்று வாரம் என் தூக்கம் கெட்டது. பகலில் கண் சொக்கி, ஏலக்காய் மூட்டைக் கணக்கில் ஒரு பூஜ்யத்தைக் கூட்டி எழுதி முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். தூக்கம் முதலில், கனவு பிறகு. ராத்திரி ஷிஃப்ட் போகிறவர்கள், மனநோய்க்கு வைத்தியம் பார்த்துக்கொள்பவர்கள், நிஜம் எது நினைப்பு எது என்ற குழப்பம் வந்திருப்பவர்கள் இந்தப் பக்கம் வரவே வேண்டாம்.

இன்னொன்று, அமுக்குவான். விழிப்பு வந்துவிட்டது, கை கால் அசைக்க முடியவில்லை, மார்பில் யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது என்று நம் ஊரில் சொல்வார்களே, அதுதான். மூளை தசைகளைக் கட்டிப் போட்டது அவிழ்வதற்குள் விழிப்பு வந்துவிட்டால் அப்படி ஆகும். சில நிமிடத்துக்குள் சரியாகிவிடும். பேயில்லை. ஆனால் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு பயிற்சி செய்கிறவர்களுக்கு இது அதிகம் வரலாம்.

விற்பனைக்காரர்களும் வந்துவிட்டார்கள். கண்ணில் கட்டிக்கொள்ள விளக்கு மினுக்கும் பட்டை, கனவு மாத்திரை என்று விளம்பரம் செய்கிறார்கள். மறதி நோய்க்குக் கொடுக்கும் கேலன்டமின் என்ற மருந்து அறிகனவை அதிகப்படுத்துவதாக 2018-இல் ஓர் ஆய்வு வந்தது உண்மை. அதற்காக நோயாளிகளுக்கான மருந்தை டாக்டரைக் கேட்காமல் விழுங்குவது மடத்தனம். ஜோசியரிடமிருந்து மீட்ட கனவை வியாபாரியிடம் அடகு வைக்கலாமா?

நாம் செய்யக்கூடியது

அறிகனவு வருவதும் வராததும் அவரவர் அமைப்பு. அதை நான் யாருக்கும் சிபாரிசு செய்யவில்லை. நான் சிபாரிசு செய்வது அதைவிட எளியது. காலையில் பிள்ளைகளிடம், "ராத்திரி என்ன கனவு கண்டே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். டிபன் டப்பா கட்டும் அவசரத்தில் இரண்டு நிமிடம் போதும். பலன் சொல்லாதீர்கள், திட்டாதீர்கள், 'கண்டதையும் டி.வி.யில பார்த்தா இப்படித்தான்' என்று தத்துவம் பேசாதீர்கள். கேட்டுக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். கனவைச் சொல்லும் பிள்ளை கதை சொல்லப் பழகுகிறது. தமிழில் கேட்டால் தமிழில் சொல்ல முயலும். நடுவில் மலையாளம் கலந்தால் கலக்கட்டும். கெட்ட கனவாக இருந்தால் முடிவை மாற்றச் சொல்லுங்கள். அடிக்கடி வந்து தூக்கத்தைக் கெடுத்தால் டாக்டரிடம் போங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

அப்படியே, நம்மை வளர்த்தவர்களைப் பற்றியும் பிள்ளைகளிடம் பேசுங்கள். உயிரோடு இருப்பவர்களிடம் போனிலாவது பேச வையுங்கள். முடிந்தால் குரலைப் பதிவு செய்து வையுங்கள். குழந்தையின் மனத்தில் யார் குரல் பதிந்திருக்கிறதோ அவர்தான் கனவில் வருவார். தாத்தா பாட்டி கனவில் வந்தால் அவர்களோடு தமிழும் வரும்.

என் மகளுக்கு இப்போது பதினொரு வயது. போன வாரம் ஒரு நாள் காலையில், "தாத்தா இப்பல்லாம் வர்றதே இல்லப்பா" என்றாள். குரலில் பயம் இல்லை; கொஞ்சம் ஏக்கம்தான் இருந்தது. "கூப்பிட்டுப் பாரு" என்றேன். "எப்படி?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று இரவு இருவரும் உட்கார்ந்து தாத்தாவைப் பற்றிப் பேசினோம். செருமலைச் செய்து காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

வாசக அன்பர்கள் தங்கள் வீட்டுப் பிள்ளைகளின் கனவுகளை எழுதி அனுப்பினால், அடுத்த இதழில் ஆசிரியர் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்குவார் என்று நம்புகிறேன்.